கொட்டக் கொட்ட

பீரோப் பூட்டின் சாவித் துளையைக்
குளவி மண் வைத்து அடைத்திருந்தது.
ஹேர்பின்னால் குடைந்தேன்.
உதிர்ந்த மண்ணோடு ஒரு சிலந்தி விழுந்தது,
சாகாமல், அசையாமல்.

பீரோவுக்குள் இருப்பதும் குளவிதான்.
ஒச்சப்பன் பெரியப்பா பெயரிலிருந்து
என் பெயருக்கு மாறப்
பதினாலு மாதம் எடுத்துக்கொண்ட
இருபத்திரண்டு ஹார்னெட்.
வேட்டைத் துப்பாக்கி. வேட்டைதான் இல்லை.
ஞாயிறுதோறும் உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி
மதுரை கிளப்பில் காகிதம் சுடுகிறேன்.
செத்த காகிதத்துக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை.

தோட்டா எளிதில் கிடைப்பதில்லை.
கிடைத்தால் ஒரு டப்பா விலையில்
கடை வாடகையில் பாதி போகும்.
அதனால் மறுபடி மனு, மறுபடி முத்திரை,
"ஏம்மா, நீங்களே அடைக்கணுமா?" என்று
பார்வையாலேயே கேட்ட ஒரு குமாஸ்தா.

தராசு வாங்கியது தெற்காவணி மூல வீதியில்.
கிரெயின் கணக்கு வேண்டும் என்றேன்.
"குன்றிமணியில் பாதின்னு வச்சுக்கங்க.
என்ன கல்லு எடை போடப்போறீங்க?" என்றார் கடைக்காரர்.
மருந்து, என்றேன்.
பொய்யில்லை.
பகலில் நான் கொடுப்பதற்கும்
இரவில் நான் அளப்பதற்கும்
தமிழில் ஒரே பெயர்.

சுட்ட கூடுகள் முப்பத்தெட்டு.
புளி கரைத்துத் துலக்கி
மொட்டை மாடியில் காயவைத்தேன்,
வடகத்துக்குப் பக்கத்தில்.
ஒரு காக்கை ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுப்
பிடிக்காமல் போட்டது.
கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்த இரண்டைக்
கழித்தேன். முப்பத்தாறு.

நெம்புகோல் இறங்கும்போது
பித்தளை சின்னதாக முனகுகிறது,
இறுகிய ரவிக்கைக்குள் கை நுழைவதுபோல.
பழைய பிரைமர் தட்டில் உதிர,
புதியது கட்டைவிரலுக்குப் பணிந்து உட்கார,
பிறகு மருந்து.
இலக்குக்கு மட்டும் போதுமான மெல்லிய அளவு,
கூட்டில் பாதிகூட வராது.
பிறகு முனை.
ஒன்று முடித்தால் நோட்டில் ஒரு கோடு.

இருபத்தோராவது கோட்டுக்கு முன் அழைப்பு மணி.
கீழ்த்தெரு பிரபாவதி.
"அக்கா, ஓஆர்எஸ் ரெண்டு பாக்கெட்.
சின்னவனுக்கு நிக்கவே மாட்டேங்குது."
இறங்கினேன், கடை திறந்தேன்,
எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று
இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.
மேலே வந்தேன். கை கழுவினேன். உட்கார்ந்தேன்.
அளந்தேன், கொட்டினேன், முனை வைத்து அழுத்தினேன்,
மற்றவற்றோடு டப்பாவில் போட்டு
டப்பாவைக் குலுக்கி இடம் செய்தேன்.

அப்புறம்தான்.

போகும் முன்பே கொட்டியிருந்தேனா?

டார்ச் பக்கத்திலேயே கிடந்தது.
ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க
நானே வாங்கி வைத்த டார்ச்.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள்.
இந்தக் குளவிக்கு ஒரு கொட்டுதான் கணக்கு.
இரண்டானால்
கன்னத்தோடு அணைத்திருக்கும் இரும்பு
எந்தப் பக்கம் பிளக்கும் என்று
கையேட்டில் படம் இருக்கிறது.

எடை போட்டுப் பார்க்கலாம். பார்த்தேன்.
பித்தளைகள் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவை அல்ல,
ஒன்று கூட, ஒன்று குறைய.
தராசு சத்தியம் செய்ய மறுத்தது.

மணி பதினொன்றே கால்.
சுத்தியல் மாதிரி இருக்கும் அந்தக் கழற்றியை எடுத்துத்
தரையில் தட்டத் தொடங்கினேன்.
மூன்று தட்டுக்கு ஒரு முனை விழும்.
கீழிருந்து வீட்டுக்காரர் ஜெபராஜ்:
"இந்நேரத்துல என்னத்தம்மா இடிக்கிறீங்க?"
"சுக்கு, சார்."
"நமக்கும் ஒரு டம்ளர்," என்று
சிரித்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

இருபத்தொன்றையும் கழற்றினேன்.
ஒவ்வொன்றையும் தட்டில் கவிழ்த்து
மறுபடி அளந்தேன்.
எல்லாம் ஒரே அளவு.
எதிலும் இரண்டு இல்லை.

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.
இல்லை.
சரியாகத்தான் செய்திருந்தேன்,
அது எனக்குத் தெரியாமல் இருந்தது,
அவ்வளவுதான்.

மருந்தை அதன் டப்பாவில் திருப்பி மூடினேன்.
கோடுகளை அடித்துவிட்டுப்
பக்கத்தில் எழுதினேன்:
மணி அடித்தால், கையில் இருப்பதைக்
கவிழ்த்துவிட்டுப் போ.

காலையில் பீரோவைத் திறக்கப் போனால்
சாவித் துளையில் ஈரமண்.
வேறு வழியில்லை.
ஹேர்பின்னைத் தேடினேன்.